பூச்சட்டிக்குத் தைத்த துணி

வியாழக்கிழமை வகுப்புக்கு ஆளுக்கொரு துண்டுத் துணி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் வெட்டி மிச்சமானது எதுவானாலும் சரி. நான் கொண்டுபோனது மஞ்சள். நான்கு விரல் அகலம், ஒரு சாண் நீளம். ஏழு பெண்களுக்குத் தைத்துக் கொடுத்ததில் மிஞ்சியது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மூன்றாம் மாடியில் எங்கள் கல்லூரி இருக்கிறது. ஆடை வடிவமைப்பில் டிப்ளோமா. பத்து ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழில் பக்கம் திருத்திவிட்டு வந்தவள் என்பதால் வகுப்பில் நான்தான் மூத்தவள். அன்றைய பாடம் எரிப்புச் சோதனை. துணியிலிருந்து பத்துப் பன்னிரண்டு இழைகளை உருவி, முறுக்கி, இடுக்கியில் பிடித்து, மெழுகுவத்திச் சுடரின் பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும். பருத்தி உடனே பற்றும். காகிதம் எரியும் வாசனை வரும். தேய்த்தால் பறக்கிற சாம்பல் மிஞ்சும். பாலியஸ்டர் சுடரைக் கண்டதும் சுருங்கும், இனிப்பு வாடையோடு கருப்பாகப் புகையும், உருகிச் சொட்டும். ஆறிய பிறகு கடுகு அளவில் ஒரு கருப்பு உருண்டை நிற்கும். நகத்தால் அதை உடைக்க முடியாது.

என் இழை பருத்தியைப் போலத்தான் பற்றியது. நிம்மதியாக இருந்தது. அதன் பிறகு நுனியில் ஒரு துளி திரண்டது. அது நீலமாக எரிந்துகொண்டே தட்டில் விழுந்தது. தட்டில் விழுந்த பிறகும் எரிந்தது.

விரிவுரையாளர் ஒரு சீன மாது. குனிந்து பார்த்துவிட்டு, கலப்புத் துணி என்றார். தனிப் பாலியஸ்டரைவிட இதில் கவனம் வேண்டும். பருத்தி திரியாக நின்று எரியும், மற்றது அதன்மேல் மெழுகாக உருகும். அடுப்பருகே நிற்பவர்களுக்கு இதில் தைக்காதீர்கள். சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். மற்ற மாணவர்கள் தங்கள் உருண்டைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தைத்துக் கொடுத்தது அடுப்பருகே நிற்பவர்களுக்கு அல்ல. வரும் ஞாயிறு காலை, கிள்ளானில், ஏழு பெண்கள் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு எரிகிற சட்டியை இரு கையிலும் ஏந்தி ஒன்றரை கிலோமீட்டர் நடக்கப்போகிறார்கள். அவர்களில் ஒருவர் என் அண்ணி.

*

அண்ணியின் மகள் சென்ற ஆண்டு காய்ச்சலில் பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். ஐந்தாம் நாள் அண்ணி வேண்டிக்கொண்டார். மகள் நடந்து வீட்டுக்கு வந்தாள். எனவே இந்த ஆண்டு தீச்சட்டி. அண்ணியின் அடுக்குமாடியிலிருந்து இன்னும் ஆறு பேர் ஏந்துவதாக இருந்தது. ஆளுக்கொரு காரணம் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை.

இப்போது எங்கள் ஊரில் எதற்கும் செட் போட வேண்டும். தைப்பூசத்துக்குக் குடும்பமே ஒரே நிறம். பிறந்தநாளுக்கு ஒரு நிறம். வளைகாப்புக்கு வருகிற விருந்தினருக்கும் நிறம் குறித்து அனுப்புகிறார்கள். நிறத்தை யாரும் கடையில் தேடுவதில்லை. கைப்பேசியில் யாரோ கட்டியிருப்பதைப் பார்த்து, அதைப் படமாகப் பிடித்து, வாட்ஸ்அப் புலனக் குழுவில் போடுகிறார்கள். அப்படித்தான் எனக்கும் ஒரு படம் வந்தது. மஞ்சள் தண்ணீரில் நனைத்தெடுத்த மஞ்சள் இல்லை அது, கடுகின் மஞ்சள். சேலைக்கும் ரவிக்கைக்கும் ஒரே துணி. ரவிக்கையின் கை முழங்கைவரை ஒட்டி வந்து, அதற்குக் கீழே மணி போல விரிந்திருந்தது.

“இதே மாதிரி வேணும். கை இப்படியே விரியணும்,” என்றார் அண்ணி. “கசங்கவே கூடாது, சொல்லிட்டேன். போன வருஷம் பக்கத்து வீட்டு அக்கா காட்டன் கட்டுனாங்க. கோயில் வாசல்ல போட்டோ எடுக்கறதுக்குள்ள காப்பி வடிகட்டுற துணி மாதிரி ஆயிடுச்சு லா.”

நான் சிரித்தேன். துணிக்கடைகள் நிறைந்த மஸ்ஜித் இந்தியா தெருவுக்குப் போனேன். மூன்றாவது கடையில் அந்த நிறம் சுருளாக நின்றது. கையில் பிடித்தேன். மெத்தென்று இருந்தது, விட்டதும் விழுந்தது, கசக்கினால் நிமிர்ந்தது.

“காட்டனா, பாய்?”

“காட்டன் மாதிரியே இருக்கும்மா. பிடிச்சுப் பாருங்க. இப்ப இதுதான் ஓடுது.”

இந்த இடத்தில் இரண்டாவது கேள்வி ஒன்று இருந்தது. செய்தியறையில் புதிதாக வந்த நிருபர்களிடம் நான் அதைத்தான் சொல்லிக் கொடுப்பேன்: முதல் பதிலை எழுதிக்கொண்டு வராதே. ‘மாதிரி’ என்றால் என்ன, எத்தனை பங்கு பருத்தி என்று கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். அவர் என்னை ஏமாற்றவில்லை. எனக்கு அந்தத் துணி வேண்டியிருந்தது. அதனால் கேட்கவில்லை.

முதல் பருவத்தில், வரையும் முன்பு மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்வார்கள். யார் உடுத்துவார்? எங்கே? அதை உடுத்திக்கொண்டு என்ன செய்வார்? இந்தச் செட்டுக்கு என் குறிப்பேட்டில் மூன்றாம் கேள்விக்கு நேரே ‘படம் எடுத்துக்கொள்வார்கள்’ என்று எழுதியிருந்தேன். வேடிக்கைக்கு எழுதவில்லை. வாடிக்கையாளர் என்னிடம் சொன்னது அதுதான். தீயைப் பற்றி அவர்களும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. தீச்சட்டிக்குத் தைக்கிறேன் என்று தெரிந்தே தைத்தேன்.

*

வியாழன் மாலை கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். ஒரு மணி நேரப் பயணம். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருடைய உடையையும் பார்த்துக்கொண்டு வந்தேன். எது உருகும், எது எரியும். ஒரு குழந்தையின் சட்டையில் பளபளப்பான அச்சு. அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அண்ணி கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்து வேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. செவ்வாயன்று காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டிய வீட்டில் பேச்சுக்கும் விரதம் உண்டு. சாவு, நோய், விபத்து எதையும் வாயில் எடுக்கக் கூடாது. தீச்சட்டியையே ‘பூச்சட்டி’ என்றுதான் சொல்வார்கள். கங்குகள் பூக்கள்.

“அண்ணி, தைச்சுக் கொடுத்த துணியில ஒரு பிரச்சினை.”

“கை டைட்டா? எனக்குச் சரியாத்தானே இருந்துச்சு.”

“அது காட்டன் இல்ல. நெருப்பு பட்டா…”

அண்ணி வேப்பிலைக் கொத்தை அப்படியே தூக்கி என் வாய்க்கு நேரே காட்டினார். “காப்புக் கட்டுன வீடு. என்ன பேசுற நீ?”

குரலைத் தாழ்த்திக்கொண்டு வகுப்பில் கண்டதைச் சொன்னேன். எரிகிறது என்ற சொல் இல்லாமல் சொல்ல வேண்டியிருந்தது. உருகுகிறது என்றேன், ஒட்டிக்கொள்ளும் என்றேன். அண்ணி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு இலைகளை மறுபடி ஆயத் தொடங்கினார்.

“செட்டைக் கொடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேற தைச்சுத் தரேன்.”

“எங்க கொடுக்கறது? ஏழும் கோயில்ல இருக்கு. காப்பு அன்னைக்கே அம்மா காலடில வச்சாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில அபிஷேகம் முடிஞ்சுதான் எடுத்துக் கொடுப்பாங்க.”

“நீங்க மட்டுமாவது வேற…”

“நான் மட்டும் மாத்திக்கிட்டு நிக்கணும், மத்த ஆறு பேரும் அதுல நிக்கணுமா? உனக்கு நல்லா இருக்கா இது?” அவர் என்னை நேராகப் பார்த்தார். “சொல்றதுன்னா எல்லாருக்கும் சொல்லு. நீயே சொல்லு. இல்லன்னா எங்கிட்டயும் சொல்லாத.”

ரயிலில் திரும்பும்போது புலனக் குழுவுக்கு ஒரு செய்தி தட்டினேன். சுருக்கமாக, மூன்று வாக்கியம். பத்திரிகையில் இப்படிப்பட்ட செய்திகளை நானே மூன்று வாக்கியத்துக்குக் குறைத்திருக்கிறேன்: ஆடையில் தீப்பற்றி மாது காயம், பக்கத்தின் கீழ்மூலை. தட்டிய செய்தியைப் படித்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. அழித்தேன். ஊருக்குள் அது எப்படிப் பரவும் என்று தெரியும். காப்புக் கட்டியவர்களிடம் அபசகுனமாகப் பேசினாள் என்று பரவும். ஒருவேளை ஞாயிறன்று யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், என் வாய்தான் காரணம் என்பார்கள். சொல்லாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் என் கைதான் காரணம். அது எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். இரண்டாவதை எண்ணியபோது எனக்குள் சிறிய ஆறுதல் ஒன்று எழுந்தது. அந்த ஆறுதலைக் கண்டுதான் நான் உண்மையில் பயந்தேன்.

*

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பூசைப் பொருள் கடைகளில் வேண்டுதலுக்கென்றே மஞ்சள் சேலைகள் அடுக்கி வைத்திருப்பார்கள். ஏழு வாங்கிக்கொண்டு ஞாயிறு காலை கோயிலுக்குப் போய்விடலாம், அங்கே வைத்துச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் கடையில் சேலையின் முந்தானை ஓரத்திலிருந்து இரண்டு இழை கேட்டேன். கடைக்கார அக்கா ஒரு மாதிரி பார்த்தார், கொடுத்தார். கடை முன்னாலுள்ள ஐந்தடிப் பாதையில் நின்று தீப்பெட்டியை உரசினேன். இழை சுருங்கி, கருத்து, உருண்டது.

இரண்டாவது கடையிலும் உருண்டது.

நான் வாசலில் குந்தி உட்கார்ந்திருந்ததை மூன்றாவது கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். “என்னம்மா, சாமி சேலைய சூடம் மாதிரி கொளுத்திப் பாக்கறீங்க?”

“எல்லாம் பாலியஸ்டரா இருக்கு அங்கிள்.”

“பின்ன? இருபது கட்டு காட்டன் எடுத்தேன், ரெண்டு வருஷமா மேல கெடக்கு. கஞ்சி போட்டது, முரட்டுத் துணி. எடுத்துக் காட்டுனா மூஞ்சிய சுளிக்கிறாங்க. வெயிட் இல்லாம, கசங்காம, சாயம் போகாம வேணுங்கறாங்க. கேக்கறதத்தானே நான் விக்க முடியும்?”

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? நானும் கேட்டதைத்தான் தைத்தேன். தீயை ஏந்துவதற்கென்றே விற்கப்படும் சேலை தீயில் உருகுகிறது. அதை நெய்தவர், ஏற்றுமதி செய்தவர், விற்றவர், வாங்கியவர் யாருமே பொய் சொல்லவில்லை. எல்லாருக்கும் பிடித்த ஒன்றை எல்லாரும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வகுப்பில் இதைப் போக்கு என்கிறோம்; அடுத்த ஆண்டின் நிறம் என்ன என்று ஊகிப்பதற்கு மதிப்பெண்கூட உண்டு.

மேலே கிடந்த கட்டிலிருந்து ஏழு சேலை எடுத்தேன். ஏழிலும் தனித்தனியாக இழை உருவிச் சோதித்தேன். ஏழும் சாம்பலாயின; பற்றினாலும் இது தோலில் உருகி ஒட்டாது, தட்டினால் உதிரும். சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, குறிப்பேட்டில் இருந்த அளவுகளை வைத்து, முழங்கைக்கு மேலே நிற்கிற கையுடன் ஏழு பருத்தி ரவிக்கைகளைத் தைத்தேன். ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. காயம் வரப்போவது அவர்களுக்குத்தான், எனக்கல்ல என்று ஒவ்வொரு முறையும் தோன்றியது.

*

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, கோயிலுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகையில் ஏழு பேரும் உடை மாற்றக் காத்திருந்தார்கள். அபிஷேகம் முடிந்து ஏழு செட்டும் பித்தளைத் தட்டில் குங்குமத்தோடு வந்திருந்தன. வெளியே உறுமி அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சொன்னேன். இந்த முறை எரியும் என்ற சொல்லையே சொன்னேன். துணியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்றேன். பருத்திச் சேலைகளைப் பாயில் வைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் சிற்றுண்டிச்சாலை நடத்துகிற அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். அவரை எல்லாரும் கேன்டீன் அக்கா என்பார்கள். ஏழு பேரில் இதற்கு முன்பும் சட்டி ஏந்தியவர் அவர் ஒருவர்தான்.

“நீதானே எடுத்த? நீதானே தைச்ச? இப்ப நீயே வந்து அதைக் கட்டாதங்கற. என்னா கதை லா இது?”

“தெரியாம எடுத்துட்டேன்க்கா.”

“இருபது வருஷமா மீ கோரெங் பிரட்டுற சட்டி முன்னாடி நிக்கிறேன். போட்டுருக்கறது என்னா, பட்டா? பாசார் மாலாம் சந்தையில வாங்குன டி-சட்டை. எனக்கு என்னா உருகிப் போச்சு?” மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “அஞ்சு நாளு அம்மா காலடில இருந்த துணி. அவளுக்குத் தெரியாதத உனக்கு காலேஜ்ல சொல்லிட்டாங்களா?”

அண்ணி எழுந்தார். பாயில் இருந்த சேலைகளில் மேலே இருந்ததை எடுத்துப் பிரித்தார். கஞ்சி மடமடத்தது. “அம்மாகிட்ட வேண்டிக்கிட்டது நான். துணி இல்ல,” என்றார். ஒருவர் பின் ஒருவராக மற்ற ஐந்து பேரும் எடுத்தார்கள். கடைசியில் எடுத்த இளம்பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, “கூடாரம் மாதிரி இருக்கு,” என்று முணுமுணுத்தாள்.

கேன்டீன் அக்கா தட்டிலிருந்து செட்டை எடுத்தார். நான் அவரிடம் கெஞ்சினேன். சேலை இருக்கட்டும், விரிந்த அந்த ரவிக்கைக் கையையாவது வெட்டிவிடுகிறேன் என்றேன். அம்மன் காலடியில் வைத்ததில் கத்தரி படக் கூடாது என்றார். என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரங்கினார் போலிருக்கிறது. “வேணும்னா ஊசி குத்திக்க. சீக்கிரம்.”

ரவிக்கையின் விரிந்த கையைச் சுருட்டி, மணிக்கட்டோடு ஒட்ட இழுத்து, இரண்டு கைகளிலும் நான்கு நான்கு ஊக்கூசி குத்தினேன். தொங்கும் துணி சட்டிக்கு மேலே போகக் கூடாது என்பது மட்டுமே அப்போது என் எண்ணம்.

*

உடை மாற்றியதும் எல்லாரும் சிறிய ஆற்றங்கரைக் கோயிலுக்குப் போய், அங்கே சட்டி ஏந்தி, ஒன்பது மணிக்கு எங்கள் கோயிலை நோக்கிப் புறப்பட்டார்கள். மண்சட்டியின் அடியில் கனமாக வேப்பிலை வைத்து, அதன்கீழே இரு கைகளையும் ஏந்த வேண்டும். சட்டிக்குள் கட்டைகள். பக்கத்தில் வருகிறவர்கள் அவ்வப்போது எண்ணெய் விடுவார்கள், சாம்பிராணித் தூள் வீசுவார்கள். தூள் விழுந்ததும் தீ ஒரு முழம் எழும்பும். சுடர் எவ்வளவு உயரம், சட்டியிலிருந்து கை எத்தனை அங்குலம், காற்று எந்தப் பக்கம் என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டு, நனைத்த துண்டுடன் கேன்டீன் அக்காவின் இடப்பக்கம் நடந்தேன். அண்ணி எனக்கு முன்னால் நான்காவதாகப் போனார். அவரைப் பார்க்க எனக்கு நேரம் இல்லை. அதுவே பயமாக இருந்தது.

பாதி வழியில், ஒரு டயர் கடையைக் கடக்கும்போது யாரோ தூள் வீசினார்கள். தீ எழுந்தது. சட்டியின் விளிம்பிலிருந்து ஒரு கங்கு தெறித்து கேன்டீன் அக்காவின் இடது மணிக்கட்டில் விழுந்தது.

துணி தீப்பற்றவில்லை. புகைந்தது. வியாழக்கிழமை வகுப்பில் நுகர்ந்த அதே இனிப்பு வாடை வந்தது. துண்டை அழுத்தினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் என்மேல் நின்றதாகத் தெரியவில்லை. நடை நிற்கவில்லை. சட்டி அசையவில்லை.

கோயிலில் சட்டியை இறக்கிய பிறகு கொட்டகையில் நான் ஊசிகளைக் கழற்றினேன். இடது கையில் மூன்று எளிதாக வந்தன. நான்காவதைக் கழற்றியும் துணி வரவில்லை. நான் இழுத்து ஊசி குத்தியிருந்ததால் அங்கே அது தோலோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. விரிந்தே விட்டிருந்தால், கங்கு விழுந்த இடத்தில் ஓட்டை மட்டும் விழுந்திருக்கலாம். தண்ணீர் விட்டு மெல்ல இழுத்தேன். பத்து சென் காசு அளவில் தோல் கூடவே வந்தது. சுற்றிலும் கருப்பு விளிம்பு.

கேன்டீன் அக்கா ஒரு சத்தமும் போடவில்லை. கையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“பாருங்கடி. முத்திரை வச்சிட்டா.”

பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூடாரம் என்று முணுமுணுத்த இளம்பெண் தன் இரு மணிக்கட்டுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் வைக்கலையே,” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அது அம்மா வச்சது இல்லக்கா,” என்றேன். “பாலியஸ்டர் உருகி ஒட்டிடுச்சு. நான் ஊசி குத்துனதால. கிளினிக்குக் கூட்டிட்டுப் போறேன், வாங்க.”

“பாவம், புள்ள ரொம்பப் பயந்து கெடக்கு,” என்றார் அவர் மற்றவர்களிடம், அன்பாகவே. புண்மேல் மஞ்சளைக் குழைத்துப் பூசினார். என்னோடு வரவில்லை.

ஆறு செட்டுகளும் உடுத்தப்படாமல் தட்டிலேயே இருந்தன. அவற்றைப் பையில் போட்டு எடுத்துப் போய்விட நினைத்தேன். இளம்பெண் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அது என்னுது. அடுத்த வருஷம் நான் இதையே கட்டிக்கிட்டு ஏந்துவேன்.” மற்ற நால்வரும் தங்கள் பெயர் எழுதிய சீட்டைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். அது அவர்களுடைய துணி. நான் தடுக்கவில்லை. தடுப்பதற்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை, தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டிருந்தேன்.

கடைசியாக அண்ணி வந்தார். பாதம் சிவந்திருந்தது, வேறொரு காயமும் இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து தன் செட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

“பயப்படாத,” என்றார். “நான் இதைச் சட்டிக்குக் கட்ட மாட்டேன். தீபாவளிக்குக் கட்டிக்கறேன்.”